நண்பகலில் வரும் சலிப்பு

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இளைஞர் என்னைக் காண வந்தார். வயது முப்பதுக்குச் சற்று மேல் இருக்கும். கணினித் துறையில் நல்ல வேலை. பல ஆண்டுகளாக ஜபம் செய்து வருபவர். "சுவாமிஜி, அலுவலகத்தில் காலை பத்து மணி ஆகிவிட்டால் ஏன் இங்கே அமர்ந்திருக்கிறோம் என்று தோன்றுகிறது. செய்யும் வேலையில் பொருள் இருப்பதாகத் தெரியவில்லை. உடன் பணிபுரிபவர்களிடம் அன்பே வருவதில்லை. ஜபத்தில் அமர்ந்தாலும் எழுந்துவிடத்தான் தோன்றுகிறது. இந்த வாழ்க்கை எனக்கு உரியதல்ல போலும்" என்றார்.

அவருடைய சொற்களில் நான் வைராக்கியத்தைக் கண்டேன். உலகியலில் வெறுப்புத் தோன்றுவது நல்ல அறிகுறி என்று கூறி அவரை ஊக்குவிக்கவும் செய்தேன். இரண்டே மாதங்களில் அவர் வேலையை விட்டார். எட்டு மாதங்கள் ரிஷிகேசம், காசி, திருவண்ணாமலை என்று சுற்றினார். ஓர் ஆசிரமத்தில் பத்து நாள்கள், மற்றொன்றில் மூன்று வாரங்கள், எங்கும் நிலைக்கவில்லை. அந்த எட்டு மாதங்களும் குடும்பம் அவருடைய தாயாரின் ஓய்வூதியத்தில் நடந்தது. தங்கையின் திருமணப் பேச்சும் நின்றுபோயிற்று. திரும்பி வந்தபோது அவர் என்னைக் குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

பண்டைய கிறிஸ்தவத் துறவிகளின் நூல்கள் சிலவற்றைத் தமிழில் பெயர்க்கும் முயற்சியை அப்போதுதான் தொடங்கியிருந்தேன். அவற்றுள் ஒரு சிறு பகுதியைப் படித்தபோது என் எழுதுகோல் நின்றுவிட்டது. ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த ஒருவர், அந்த இளைஞரை எதிரில் அமர்த்திக் கேட்டு எழுதியதுபோல் எழுதியிருந்தார்.

ஐம்பது மணி நேரப் பகல்

அவர் பெயர் எவாக்ரியஸ். ஏறத்தாழ 345-ஆம் ஆண்டில், இன்றைய துருக்கியின் வடபகுதியான பொந்துஸில் பிறந்தவர். கற்றவர், சொல்வன்மை மிக்கவர், கான்ஸ்டான்டிநோபிள் நகரில் திருச்சபைப் பணியில் புகழோடு விளங்கியவர். அங்கே உயர்குடியைச் சேர்ந்த ஒருவரின் மனைவிமீது அவருக்கு மோகம் உண்டாயிற்று. அஞ்சி நகரத்தை விட்டு ஓடினார். ஜெருசலேமில் மெலானியா என்னும் துறவுப் பெண்மணி அவரைத் தேற்றி நல்வழிப்படுத்தினார். பின்னர் எகிப்துக்குச் சென்றார். நைட்ரியாவில் இரண்டு ஆண்டுகள், அதற்குத் தெற்கே பாலைவனத்தில் 'கெல்லியா' என்னுமிடத்தில் ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து 399-இல் காலமானார். நூல்களைப் படியெடுத்துக் கொடுத்து அந்தக் கூலியில் உண்டார். கெல்லியா என்றால் 'அறைகள்' என்று பொருள். மணலுக்கு அடியில் புதைந்து கிடந்த அந்தக் குடியிருப்பை 1964-இல் அறிஞர்கள் மீண்டும் கண்டறிந்தார்கள்.

மனத்தைத் தாக்கும் தீய எண்ணங்களை எவாக்ரியஸ் எட்டாக வகுத்தார். பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், கோபம், 'அகேடியா', புகழாசை, செருக்கு என்பன அவை. அவருடைய தத்துவக் கருத்துகள் சில 553-இல் திருச்சபையின் கண்டனத்துக்கு உள்ளாகிவிட்டதால் அவரது பெயர் மங்கிப்போயிற்று; அவருடைய நூல்கள் சில வேறொருவர் பெயரில் உலவித்தான் பிழைத்தன. ஆனால் பட்டியல் நிலைத்துவிட்டது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் போப் முதலாம் கிரகோரி அதை ஏழாக மாற்றியமைத்தார். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் குழந்தைகள் மறைக்கல்வியில் கற்கும் 'தலையான பாவங்கள் ஏழு' இவ்வாறு வந்தவைதாம்.

அந்த ஏழில் கடைசியாகச் 'சோம்பல்' என்று இருக்கிறதே, அதுதான் ஆதியில் அகேடியா. இந்தச் சொல் மாற்றத்தில் ஒரு பெரிய உண்மை கை நழுவிவிட்டது என்றே நான் கருதுகிறேன். ஏனெனில் எவாக்ரியஸ் வருணிக்கும் மனிதன் சோம்பேறி அல்லன்.

அந்த வருணனையின் சாரம் இது. காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை இந்த எண்ணம் துறவியைச் சூழ்கிறது. சூரியன் நகரவே இல்லை என்றும், பகல் ஐம்பது மணி நேரம் நீண்டுவிட்டது என்றும் தோன்றச் செய்கிறது. அவன் அடிக்கடி சன்னலைப் பார்க்கிறான். வெளியே வந்து, உணவு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனை அளக்கிறான். யாராவது வருகிறார்களா என்று இப்புறமும் அப்புறமும் நோக்குகிறான். பிறகு இருக்கும் இடத்தின்மீது வெறுப்பு. செய்யும் கைத்தொழிலின்மீது வெறுப்பு. சகோதரர்களிடையே அன்பு அற்றுவிட்டது, ஆறுதல் கூற ஒருவரும் இல்லை என்ற நினைப்பு. அண்மையில் யாரேனும் மனம் புண்படப் பேசியிருந்தால் அதுவும் சேர்ந்துகொள்கிறது. வேறோர் இடத்துக்குப் போனால் எளிதில் பிழைக்கலாம், கடவுளை எங்கிருந்தும் வழிபடலாமே என்ற நியாயம் பிறக்கிறது. விட்டு வந்த வீடு நினைவுக்கு வருகிறது. இனி வாழவேண்டிய ஆண்டுகள் கண்முன் நீண்டு தெரிகின்றன. 

எபிரேயச் சங்கீதம் ஒன்றில் நண்பகலில் அழிவு செய்யும் கொள்ளைநோய் பற்றிய குறிப்பு வருகிறது. கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அதை 'நண்பகல் பேய்' ஆக்கினார்கள். அந்தப் பேய் இதுதான் என்றார் எவாக்ரியஸ்.

சன்னலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கைபேசியை வைத்துப் பாருங்கள். யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்ப்பதையே நாம் ஒரு நாளில் எத்தனை முறை, கட்டைவிரலால் செய்கிறோம்! என் நிலையும் வேறல்ல. காலையில் மொழிபெயர்ப்புக்கு அமர்ந்தால் பத்தரை மணி வரை ஒழுங்காக ஓடும். ஒரு கடினமான வாக்கியம் வரும். அகராதியை எடுக்க எழுவேன். எழுந்தவன் அகராதியோடு திரும்புவதில்லை. தபால் வந்துவிட்டதா என்று பார்ப்பேன், சமையற்கட்டில் விருந்தினர் எண்ணிக்கையைச் சொல்லியாயிற்றா என்று விசாரிப்பேன். எல்லாம் கடமைதான், எல்லாம் பிறருக்கான சேவைதான். அந்த வாக்கியம் மட்டும் அப்படியே இருக்கும்.

ஒரு சொல்லைத் தேடி

மொழிபெயர்ப்பவனுக்கு உடனே எழும் கேள்வி, இதற்குத் தமிழில் என்ன சொல் என்பதே. கிரேக்கத்தில் 'கேடோஸ்' என்றால் அக்கறை. அகர முன்னொட்டு அதன் இன்மையைக் குறிக்கும். நம் 'அசிரத்தை' அமைப்பிலும் பொருளிலும் இதற்கு மிக அருகில் வருகிறது. ஆனால் அசிரத்தை உள்ளவன் இருந்த இடத்தில் இருந்துவிடுவான். எவாக்ரியஸின் துறவியோ இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறான். பதஞ்சலி யோகத்துக்குத் தடைகளாகக் கூறும் ஒன்பதில் மந்தமும் சோம்பலும் ஐயமும் நிலைகொள்ளாமையும் தனித்தனியே வருகின்றன. அகேடியா இவற்றுள் பலவற்றின் கூட்டு.

கடைசியில் 'சலிப்பு' என்ற எளிய சொல்லிலேயே வந்து நின்றேன். சலித்தல் என்பதற்கு வெறுத்துச் சோர்தல் என்ற பொருளோடு அசைதல், நிலைபெயர்தல் என்ற பொருளும் உண்டு. சோர்வும் அலைச்சலும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. எவாக்ரியஸ் பக்கம் பக்கமாக விளக்கியதை நம் மொழி ஒரு சொல்லில் எப்போதோ கண்டுவைத்திருக்கிறது.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இது பற்றிக் கூறியது வியப்பானது. சலிப்பு எந்தக் கட்டளையை மீறுகிறது என்ற கேள்விக்கு, ஓய்வுநாளைப் புனிதமாகக் கொள் என்ற கட்டளையை என்று அவர் விடை கண்டார். உழைக்காமை அன்று அதன் குற்றம். இறைவனில் இளைப்பாற இயலாமையே. பன்னிரண்டு மணி நேரம் ஓடியோடி உழைத்து, விடுமுறை நாளிலும் கைபேசியைக் கீழே வைக்க முடியாத ஒருவரைச் சோம்பேறி என்று யாரும் கூறமாட்டார்கள். ஆனால் அக்குவினாஸின் அளவுகோலில் அவர் இந்த நோயின் முற்றிய நிலையில் இருப்பவராகலாம்.

பனையோலைக் கீற்றுகள்

பாலைவனத் துறவிகள் மூத்தோரை 'அப்பா' என்று அழைத்தார்கள்; பெண் துறவியரை 'அம்மா' என்று அழைத்தார்கள். அரமேய மொழிச் சொற்கள். நம் காதுக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. அவர்களுள் அப்பா அர்சேனியஸ் ஒருவர். அரசவையில் பேரரசரின் புதல்வர்களுக்கு ஆசிரியராக இருந்துவிட்டுத் துறவு பூண்டவர் என்பது மரபு.

அவரிடம் ஒரு சகோதரர் வந்து முறையிட்டார். நோன்பும் உன்னால் முடியவில்லை, உழைப்பும் முடியவில்லை, நோயாளிகளையாவது போய்ப் பார்த்து வா, அதுவும் அன்புதானே என்று தம் மனம் கூறுவதாகச் சொன்னார். நோயாளியைப் பார்க்கப் போவதில் என்ன குற்றம்? ஆனால் அர்சேனியஸ் அந்த எண்ணத்தின் ஊற்றைக் கண்டுகொண்டார். போய் உண், பருகு, உறங்கு, வேலை எதுவும் செய்யவேண்டாம், அறையைவிட்டு மட்டும் வெளியேறாதே என்றார். 

அந்தச் சகோதரர் மூன்று நாள்கள் அப்படியே இருந்தார். பிறகு சலிப்பு வந்தது. அருகில் சில பனையோலைகள் கிடந்தன. எடுத்துக் கீற்றுகளாகக் கிழித்தார். மறுநாள் அவற்றைப் பின்னினார். பசித்தது. இன்னும் சிறிதளவு ஓலைதானே, இதையும் முடித்துவிட்டு உண்போம் என்று எண்ணினார். முடித்ததும், சிறிது வாசித்துவிட்டு உண்போம் என்றார். வாசித்ததும், சில சங்கீதங்களை ஓதிவிட்டால் நிம்மதியாக உண்ணலாமே என்று தோன்றிற்று. இப்படிச் சிறிது சிறிதாக, தம் பழைய நிலையை மீட்டுக்கொண்டார்.

இந்தக் கதையில் என்னை ஈர்ப்பது அதன் இரக்கம். நோன்பை நிறுத்தலாம், உழைப்பை நிறுத்தலாம் என்று குரு எல்லாவற்றையும் தளர்த்துகிறார். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். நாமோ மனம் சோர்ந்தவுடன் புதிய சங்கற்பங்களை அடுக்குகிறோம். நாளை முதல் நான்கு மணிக்கு எழுவேன், ஆயிரத்தெட்டு ஜபம் செய்வேன் என்கிறோம். மூன்றாம் நாள் எல்லாம் சரிகிறது, சலிப்பு இரட்டிப்பாகிறது. அந்தச் சகோதரருக்குத் திட்டம் எதுவும் இல்லை. கைக்கெட்டிய ஓர் ஓலையே இருந்தது.

யோவான் காசியன் தம் சொந்த அனுபவம் ஒன்றை மறைக்காமல் எழுதியிருக்கிறார். எகிப்தில் கற்றவற்றைப் பின்னாளில் பிரான்சின் தென்கரையில் இருந்து இலத்தீனில் எழுதி மேற்குலகுக்கு வழங்கியவர் அவர். பாலைவன வாழ்வின் தொடக்கத்தில் ஒரு நாள், நேற்றுச் சலிப்பு என்னை வாட்டியெடுத்தது, அப்பா பவுலைப் போய்ப் பார்த்த பிறகுதான் விடுபட்டேன் என்று அப்பா மோசேயிடம் கூறினாராம். நீ விடுபடவில்லை, இன்னும் அதிகமாக அதன் வசமானாய், களத்தை விட்டு ஓடுபவன் என்று உன்னை அது அறிந்துகொண்டது, இனி மேலும் பலமாக வரும் என்பது மோசேயின் மறுமொழி. சான்றோர் தரிசனம்கூடத் தப்பியோடும் வழியாகலாம்! நம் இளைஞரின் எட்டு மாதத் தீர்த்த யாத்திரை என் நினைவுக்கு வந்தது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் ஒழுங்கு நூலில், மடத்துக்கு மடம் மூன்று நான்கு நாள்கள் விருந்தினராகத் தங்கியே காலம் கழிக்கும் துறவிகளைக் கடுமையாகக் கண்டிக்கிறார். இடம் பெயராமையைத் தம் துறவிகளின் உறுதிமொழியாகவே ஆக்கினார். அடைகாக்கும் முட்டைகளை விட்டு எழுந்து போகும் பறவையை அம்மா சின்கிளெத்திகா உவமையாகச் சொன்னார், குஞ்சு பொரிக்காது.

ஓட வேண்டிய வேளையும் உண்டு

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. எவாக்ரியஸே கான்ஸ்டான்டிநோபிளை விட்டு ஓடியவர்தானே? ஆம். அந்த ஓட்டம் சரியானது. தம்மையும் இன்னொரு குடும்பத்தையும் அழிவிலிருந்து காத்தது. எனவே இருக்குமிடத்தை விட்டு அகலும் எண்ணம் எல்லாமே சலிப்பு என்று கொள்வது தவறு. அநீதி செய்யச் சொல்லும் அலுவலகம், அடித்துத் துன்புறுத்தும் வீடு ஆகியவற்றில் பொறுத்திருக்கச் சொல்ல அப்பாக்களின் சொற்களை யாரும் எடுத்தாளக்கூடாது. அந்தச் சொற்கள் தாமே விரும்பி அந்த அறைக்குள் வந்தவர்களுக்குக் கூறப்பட்டவை. அதேபோல் வாரக்கணக்கில் உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணத்தோடு இருப்பவருக்கு வேண்டியது மருத்துவர். அவரிடம் ஓலை பின்னச் சொல்வது கொடுமை.

வைராக்கியத்தையும் சலிப்பையும் எவ்வாறு பிரித்தறிவது? அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது இதுதான். வைராக்கியம் உடையவர் தாம் எதை நாடுகிறோம் என்று பேசுவார். இருக்கும் இடத்தைப் பற்றி அவரிடம் பெரிய குறை இராது. சலிப்புற்றவர் மேலதிகாரியைப் பற்றியும், உடன் இருப்பவர்களைப் பற்றியும், ஊரைப் பற்றியும் பேசுவார். போகும் இடம் பற்றிய பேச்சு மங்கலாகவே இருக்கும். அந்த இளைஞர் அன்று அரை மணி நேரம் பேசினார். இறைவனைப் பற்றி ஒரு வாக்கியம்கூட அதில் இல்லை என்பதை நான் கவனிக்கத் தவறினேன். தாக்குதல் நடக்கும் வேளையில், எவ்வளவு நியாயமான காரணம் தோன்றினாலும், அறையை விட்டு அகலாதே என்கிறார் எவாக்ரியஸ். புயல் ஓய்ந்த பிறகும் அதே எண்ணம் அமைதியாக நின்றால் அப்போது ஆராயலாம்.

வேறு சில உபாயங்களையும் அவர் தருகிறார். உள்ளத்தை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதி மறு பாதிக்கு ஆறுதல் சொல்லவேண்டும். அதற்குச் சங்கீத வரிகள் உதவும். எட்டு எண்ணங்களுக்கும் மறுமொழியாகச் சொல்லத்தக்க வேத வசனங்களை, கிட்டத்தட்ட ஐந்நூறு, தனி நூலாகவே தொகுத்துவைத்தார். தம் ஆசான் கூறியதாக இன்னொன்றையும் குறிக்கிறார். துறவி நாளையே இறப்பவன்போல் எப்போதும் ஆயத்தமாக இருக்கவேண்டுமாம். ஆனால் உடலைப் பல்லாண்டு வாழப்போகிறவன்போல் பேணவேண்டுமாம். 

எங்களுக்கு அறை ஏது என்று இல்லறத்தார் கேட்கலாம். கூட்டத்தின் நடுவே இருந்துகொண்டு மனத்தால் தனித்திருப்பவரும் உண்டு, தனித்திருந்தும் மனத்தால் கூட்டத்தில் உழல்பவரும் உண்டு என்கிறார் அம்மா சின்கிளெத்திகா. துறவிகளின் தந்தை எனப்படும் அந்தோணியாருக்கு, அவருக்கு நிகரானவர் ஒருவர் நகரத்தில் வாழ்வதாகப் பாலைவனத்தில் உணர்த்தப்பட்டதாம். அந்த மனிதர் ஒரு மருத்துவர்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மையார் ஆறு ஆண்டுகளாகப் படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பராமரிக்கிறார். குளிப்பாட்டி, உணவூட்டி முடிக்கும்போது பதினொரு மணி ஆகிவிடும். "அதற்குப் பிறகு கடிகாரம் நகராது, சுவாமிஜி. அந்த நேரத்தில்தான் எல்லார் மேலும் கோபம் வரும்" என்றார். 'அகலாதே' என்ற உபதேசம் அவருக்குத் தேவையில்லை. அகல வழியும் இல்லை. அவருடைய உறவினர்கள் வாரத்தில் ஒரு நாளாவது அவரை விடுவிக்கவேண்டும் என்று நான் சொன்னேன், சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவராகவே கண்டுபிடித்த ஓலை வேறு. அந்தப் பதினொரு மணிக்குக் கோயில் விளக்குக்குப் பஞ்சுத் திரி திரிக்கிறார். நூறு திரி ஆன பிறகே கைபேசியைத் தொடுவது என்று வைத்திருக்கிறார். சில நாள் நாற்பதில் நின்றுவிடுமாம்.

காசியன் கூறும் அப்பா பவுலின் கதை இதைவிட விசித்திரமானது. சந்தை கூடும் ஊர் அவர் இருந்த இடத்திலிருந்து ஏழு நாள் நடைதூரத்துக்கும் அப்பால் இருந்தது. ஓலைப் பொருள்களைக் கொண்டு சென்று விற்றால் கிடைக்கும் விலை ஏற்றுகூலிக்கே போதாது. ஆயினும் பிழைப்புக்காக உழைப்பவர்போலவே நாள்தோறும் தமக்கென ஓர் அளவு வகுத்துக்கொண்டு ஓலை வேலை செய்வார். ஆண்டு முழுவதும் செய்த வேலையால் குகை நிறைந்ததும் எல்லாவற்றையும் தீயிலிட்டு, மறுபடி தொடங்குவார். இந்தக் கதையை முதலில் படித்தபோது இது வீண் என்றே எனக்குத் தோன்றியது. பயனுள்ள வேலைக்கே ஆள் இல்லாத நம் நாட்டில் இதை எப்படிப் பரிந்துரைப்பது? இப்போதும் அந்தத் தீயை நான் முழுமையாக ஏற்றுக்கொண்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த இளைஞரிடம் இதைச் சொன்னபோது அவர் உரக்கச் சிரித்தார். "எங்கள் அலுவலகத்திலும் அப்படித்தான் சுவாமிஜி. ஆறு மாதம் எழுதிய நிரலை ஒரே நாளில் அழித்துவிடுவார்கள்" என்றார். அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுவே முதல் முறை.

திரும்பி வந்தபின் அவர் முன்னைவிடக் குறைந்த சம்பளத்தில் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். துறவு பற்றிய பேச்சை இரண்டு ஆண்டுகள் எடுக்கவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். சென்ற மாதம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. தங்கையின் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது. காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை கைபேசியை மேசையின் இழுப்பறையில் பூட்டி, சாவியை அடுத்த இருக்கைக்காரரிடம் கொடுத்துவிடுகிறாராம். கடிதத்தின் கடைசி வரி: "தினமும் சலிக்கிறது, சுவாமிஜி. ஆனால் நாற்காலியில்தான் இருக்கிறேன்."